ஓடுவதற்கு ஒரு கரை

மார்கழி 7, திங்கள்

நிலா இல்லாத இருட்டு. பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு முடிந்த கையோடு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிட்டது. மீமிசலில் மார்கழி விடிவது இப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி வடக்கே ஓட ஆரம்பித்தேன்.

தார் ரோடு ஓடுவதற்குச் சுலபம். பள்ளம் மேடு பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சம் வந்துவிட்டால் ஒரு பக்கம் பனைகளும் கடற்காற்றும், மறுபக்கம் கதிர் வாங்கிய வயலும் கூடவே வரும். ஆனால் வண்டி பயம் உண்டு. பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி மூன்று நாளும் விசைப்படகுகளுக்கு. மீதி நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் படகு கிளம்பும் நாளில் ஐஸ் வண்டி, கரை திரும்பும் நாளில் மீன் வண்டி என்று ரோடு ஓயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அந்த வண்டிகள் குறையும். அப்போது வெயில் ஓடவிடாது.

வழியில் நாலைந்து பையன்கள் ரோட்டோரத்து மண்ணில் கோடு போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒருவன் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிரவுண்டுல ஓடலாமே தம்பி?”

“மழைத்தண்ணி இன்னும் வத்தலண்ணே. ரோடுதான் காஞ்சு கெடக்கு.”

எதிரே வந்த லாரியின் விளக்கு கண்ணைக் கூச வைத்தது. எல்லோரும் மண்ணுக்கு இறங்கி நின்றோம். அரசு வேலைக்காக ஓடுகிற பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓடிப் பழக வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைகள் ஒருவரையும் காணோம். இந்த இருட்டில், இந்த ரோட்டில் ஓட எந்த வீட்டில் விடுவார்கள்?

மார்கழி 11, வெள்ளி

இன்று ரோட்டை விட்டு மேற்கே இறங்கிக் கண்மாய்க் கரை ஏறினேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை, ஒவ்வொரு கரைமேலும் ஒரு பாதை. இவ்வளவு ஓடுபாதையைப் புதிதாகப் போட எந்த அரசாலும் முடியாது. நம் முன்னோர்கள் மண் சுமந்து போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கரையில் ஓடும்போது உடம்புக்குத் தனிச் சுகம். மண் கால் அதிர்வை வாங்கிக்கொள்வதால் முழங்காலில் தார் ரோட்டின் வலி இல்லை. உட்பக்கம் நிறைந்த தண்ணீர், ஓரத்தில் கோரை, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும் கொக்குகள். வெளிப்பக்கம் மடையிலிருந்து பிரியும் வாய்க்கால், அதற்கப்பால் பால் பிடித்த நெல். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த நெல், தை, மாசியில் அறுவடைக்கு வரும். ஓடுகிறவனுக்கும் இந்த மூன்று நான்கு மாதம்தான் நல்ல பருவம்.

கரையின் வளைவுகூட ஓட்டத்துக்கு உதவுகிறது. நேர் ரோட்டில் தூரம் கண்ணில் தெரிந்து மலைப்பு தட்டும். கண்மாய்க் கரை வளைந்து வளைந்து போவதால் அடுத்த திருப்பம்வரைதான் கண் போகும், காலும் அதுவரைக்குமான தெம்போடு போகும்.

கலுங்கைத் தாண்டியதும் பாதை குறுகிவிட்டது. இரு பக்கமும் சீமைக் கருவேலம். ஒரு முள் ஷூவின் அடியைத் துளைத்து உள்ளே வந்தது. பிடுங்கிப் பார்த்தேன். காய்ந்து பழுப்பேறிய, விரல் நீள முள். நுனி முறியவே இல்லை. இந்த மரத்தை மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு மடங்காகத் துளிர்க்கும். தூரோடு பறித்தால்தான் தீரும். 2017-ல் உயர் நீதிமன்றம் இதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் அயல் தாவரங்களை ஒழிக்க மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. இந்தக் கரையில் அது இன்னும் நிற்கிறது.

முன்பு கரை இப்படி அடைபடாமல் இருந்ததற்குக் காரணம் கண்மாயைக் காவல் காத்த நீர்பாய்ச்சிகள். மழைக்காலம் முழுக்க இரவும் பகலும் அவர்கள் கரையில் நடப்பார்கள். எங்கே கசிகிறது, எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே மண் சரிகிறது என்று பார்ப்பார்கள். மனிதக் கால் பட்டுக்கொண்டே இருந்த பாதையில் முள் வேர்விட இடமில்லை. அந்த வேலை வழக்கொழிந்த ஊர்களில் கரைமேல் ஆள் நடமாட்டம் நின்றது, முள் வந்து உட்கார்ந்தது. காலையில் பத்துப் பிள்ளைகள் ஓடினால் அந்தக் கரை மறுபடி கண்காணிப்புக்கு வந்துவிடும்.

மார்கழி 13, ஞாயிறு

கோபாலப்பட்டினம் பக்கம் கடலோரமாக ஓட்டம். இது அலை சத்தம் போடாத கடல். தெற்கே பாம்பன் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தண்ணீர் விளிம்பில் கொஞ்ச அகலத்துக்கு மணல் இறுகி, ஷூ பதியாமல் ஓடவிடுகிறது. கொஞ்சம் தள்ளினால் சேறு. கரை நெடுகக் கடற்புல் ஒதுங்கிக் கிடந்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு இந்தப் புல்தான் உணவு. அதைக் காக்க 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம்வரை 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. நமக்குச் சற்று வடக்கே அதன் எல்லை.

ஓட்டம் நெடுந்தூரம் நீளவில்லை. இறால் பண்ணையின் வாய்க்காலும் வேலியும் குறுக்கே வந்தன. திரும்பி வயல் சுற்றி ரோட்டுக்கு வர வேண்டியதாயிற்று. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு சொன்னது. 2005-ல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு பெற்று நடக்கின்றன. பண்ணை ஊருக்குப் பிழைப்பு தருகிறது, அதை மறுக்கவில்லை. கடலோரம் நடந்து போகும் வழி மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பிரான்சில் அதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். அங்கே பிரிட்டனி கடற்கரையில் கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து நடந்த ஒற்றையடிப் பாதை ஒன்று, 1791 காலத்தில் உருவானது. பின்னாளில் பல இடங்களில் அது தூர்ந்துபோனது. 1976 டிசம்பர் 31-ல் வந்த சட்டம், கடலை ஒட்டிய தனியார் நிலத்திலும் 3 மீட்டர் அகலத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றது. இன்று அது சுமார் 2000 கிலோமீட்டர் தொடரும் நெடும்பாதை. வழிநெடுக மரத்திலும் பாறையிலும் வெள்ளை, சிவப்பு என இரண்டு பட்டைக் கோடுகள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், ஓடலாம். கிராமப்புற பிரான்சில் ஓடுவது இனிமை என்று உலகம் சொல்வதற்கு அழகு ஒரு காரணம். வழியை மூடக் கூடாது என்ற சட்டம் இன்னொரு காரணம். அழகு நம்மிடமும் இருக்கிறது.

மார்கழி 19, சனி. திருவாதிரை

ஆவுடையார்கோயிலை நோக்கி நீண்ட ஓட்டம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. வடமேற்கே ஓடினேன். முழுநிலா எதிரே இறங்கிக்கொண்டிருந்தது, பின்னால் கிழக்கு வெளுத்தது. இரண்டு வெளிச்சமும் ஒன்றாகக் கண்மாய்த் தண்ணீரில் விழுந்த அந்தக் கால் மணி நேரத்துக்காக எத்தனை தூரமும் ஓடலாம்.

தரிசனத்துக்கு நடந்து போகிறவர்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒரு ஆத்தா கேட்டது: “ஏப்பு, நடந்தா போதாதா சாமிகிட்ட போக? இப்படி வேர்க்க வேர்க்க ஓடுறே?” “நீங்க நடக்குற வேகத்துக்கு நான் ஓடித்தான் ஆகணும் ஆத்தா” என்றேன். சிரித்துக்கொண்டு ஒரு கட்டிக் கருப்பட்டி கொடுத்தது. கருப்பட்டி வாயில் கரைய, கடைசித் தூரத்தில் கால் தளரவில்லை.

சந்நிதியில் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நிவேதனம். வியர்வை காய வெளிமண்டபத்தில் நின்றபோது தோன்றியது: இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கோயிலுக்குப் பாதயாத்திரை வழி இருக்கிறது. கால்நடையாகப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலும் நிழலும் வைத்த ஊர்கள் இவை. ஓடுகிறவருக்கும் அதே வழி போதும்.

தை 3, சனி. காணும் பொங்கல்

ஊரில் ஓட்டப் பந்தயம். பெண்பிள்ளைகள் பிரிவில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிய ஒரு சின்னப் பெண் முதலில் வந்தாள். எவர்சில்வர் குடம் பரிசு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் “தினமும் ஓடுவியா பாப்பா?” என்றேன். “எங்க சித்தப்பா ஓடுறது?” என்று திருப்பிக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டம் பதில் சொல்லியாக வேண்டும். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் செய்த பிழை எதுவுமில்லை. லோகநாதன் சூர்யா 2016 குவாஹாத்தி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். கோவிந்தன் லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் அதே இரண்டு தூரத்திலும் தங்கம். மூவரும் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள். நெடுந்தூரம் ஓடும் கால் இந்த மண்ணில் விளைகிறது. அந்தக் காலுக்கு லாரி வராத, முள் குத்தாத, விளக்கு எரிகிற ஒரு பாதை வேண்டும். அவ்வளவுதான்.

பாதை புதிதாகப் போடக் கோடி கேட்கவில்லை. ஊருக்கு ஒரு கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுத்து, சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுத்து, கலுங்கு தொடங்கி மடைவரை தூரம் அளந்து கல் நட்டு, ஊரை ஒட்டிய பகுதியில் நான்கு விளக்குக் கம்பம் போட்டால் போதும். ஜனவரி 26 கிராமசபை வருகிறது. தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி ஏற உங்கள் ஊரில் நீங்கள் ஒருவர் எழுந்து பேசுங்கள். மீமிசலில் நான் பேசுகிறேன்.