ஏறினால் போதுமா?

டிசம்பர் பிறந்ததும் குளிர்காலம் வந்துவிட்டதாகக் கொல்கத்தா முடிவு செய்துவிடும். வெப்பமானி 15 டிகிரியைக் காட்டினால் போதும், காதை மூடும் கம்பளிக் குல்லாய்கள் டிரங்குப் பெட்டிகளிலிருந்து வெளியே வரும். சந்தையில் புது ஈச்சவெல்லமும் டார்ஜிலிங் ஆரஞ்சும் குவியும். கூடவே ஊர் சுற்றும் ஆசையும் கிளம்பும். தங்கள் சுற்றுலா மோகத்தைத் தாங்களே கேலி செய்துகொள்ள வங்காளிகள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'தீபுதா'. கேட்பவருக்கு யாரோ தீபு அண்ணன் என்று தோன்றும். திகா, பூரி, டார்ஜிலிங் என்ற மூன்று ஊர்களின் முதலெழுத்துகள்தான் அவை.

லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களையும் இந்தக் காய்ச்சல் விடவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எட்டு வயதுப் பேத்திக்குப் பனி விழுவதைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புதுக் கார் வாங்கி, அதிலேயே சிக்கிம் வரை போய் வருவதாகத் திட்டம். ஒருநாள் மாலை இரண்டு விளம்பரப் புத்தகங்களோடு வந்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா சில லட்சம் கூடுதல் சார். டொரண்டோவிலே இருக்கிற பையன், 'அதெல்லாம் வேண்டாம்பா, டயரை மாத்து'ங்கிறான். எது சரி? நீங்க மோட்டார் புத்தகமெல்லாம் மொழிபெயர்த்தவராச்சே."

எப்போதோ ஒரு வாகனக் கையேட்டைத் தமிழாக்கிய பாவம் இப்படி வந்து நின்றது. கையேட்டைத் தமிழாக்கியவனுக்குப் பனியில் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர்களைத் தேடி, கடந்த ஜனவரியில் சியால்தாவில் டார்ஜிலிங் மெயில் ஏறினேன்.

கிளம்புமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியின் இரு பாதிகளுக்கும் விடை சொல்லும் தகுதி ஒரு காலத்தில் கொல்கத்தாவின் சுற்றுவட்டாரத்துக்கு இருந்தது. ஹௌராவிலிருந்து ஹூக்ளி நதியை ஒட்டிப் பாண்டேல் போகும் மின்ரயிலில் 'ஹிந்த்மோட்டார்' என்றே ஒரு நிலையம் வரும். உத்தர்பாடாவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையின் பெயரில் அமைந்த நிலையம் அது. 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அம்பாசடர் கார் அங்கேதான் தயாரானது. பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் கார் அது. அதே ரயிலில் கடைசி வரை போய் இறங்கினால் அருகில் சாஹாகஞ்ச். 1936-ல் டன்லப் நிறுவனம் அங்கே திறந்த ஆலைதான் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை. 2011-ல் அங்கு வேலை நின்றது. காரும் டயரும் செய்த ஊர்க்காரர், எது முக்கியம் என்று கேட்டுக்கொண்டு மலைக்கு ஆளனுப்ப வேண்டிய காலம் இது.

டார்ஜிலிங்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மானேபஞ்சாங். நேபாள எல்லையை ஒட்டிய சிறிய கடைத்தெரு. மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூவுக்கு (3,636 மீட்டர்) வண்டிகள் கிளம்புவது இங்கிருந்துதான். தெருவோரம் வரிசையாக நிற்கும் லேண்ட் ரோவர்களைப் பார்த்தால் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பெரும்பாலானவை 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. போருக்குப் பிறகு எஃகு கிடைக்காத காலத்தில் அலுமினியக் கலவைத் தகட்டால் உடல் கட்டப்பட்டதால் துருப்பிடித்து உதிராமல் நிற்கின்றன. சிலவற்றில் உள்ளே இருப்பது நம் ஊர் டீசல் இன்ஜின். உடம்பு லண்டன், இதயம் நாசிக் என்று ஒரு ஓட்டுநர் சிரித்தார்.

சந்தக்ஃபூ 31 கிலோமீட்டர்தான். கரடுமுரடான கற்பாதையாக இருந்தபோது இந்த வண்டிகளை விட்டால் வேறு கதியில்லை. இப்போது பல இடங்களில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், பொலேரோக்களும் ஏறுகின்றன. கிழவர்களுக்குப் போட்டி வந்துவிட்டது. ஆனால் கான்கிரீட்டால் ஒரு புதுத் தொல்லை. கற்பாதையில் டயர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். வெயில் படாத வளைவில் ஊற்றுநீர் கான்கிரீட்டின் மேல் வழிந்து இரவில் உறைந்துவிட்டால், காலையில் அது கண்ணாடி.

நாங்கள் ஏறும்போது அப்படியொரு வளைவு வந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தரையில் இருந்த குட்டை நெம்புகோலைத் தள்ளினார். இன்ஜின் விசை இப்போது நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து, அதுவும் மிகக் குறைந்த வேகக் கியரில் போகிறது. வண்டி முனகிக்கொண்டே ஏறிவிட்டது. ஒரு சக்கரம் சுழன்றால் இன்னொன்று பிடித்து இழுத்தது. நான்கு சக்கர இயக்கத்தின் பெருமை எனக்கு முழுதாகப் புரிந்த இடம் அது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 'லட்சங்களைக் கொடுத்துவிடுங்கள்' என்று மனத்துக்குள் கடிதமே எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை கஞ்சன்ஜங்கா பொன்னிறமாகி வெள்ளையாக மாறுவதைப் பார்த்துவிட்டு இறங்கினோம். அதே வளைவு. இந்த முறை ஓட்டுநர் வண்டியை வளைவுக்கு வெகு முன்னாலேயே நிறுத்தினார். இறங்கி, ஓரத்தில் கிடந்த மண்ணையும் பொடிக்கல்லையும் தகரத்தில் அள்ளி உறைந்த இடத்தில் இறைத்தார். இரண்டு முறை, மூன்று முறை. பிறகுதான் குறைந்த கியரில் நடை வேகத்தில் இறக்கினார்.

"நேற்று அப்படியே ஏறினீர்களே?" என்றேன்.

"ஏறும்போது நாலு சக்கரமும் இழுக்கும் தாதா. வழுக்கினால் நாலும் சேர்ந்துதான் வழுக்கும்." 'தாதா' என்றால் இங்கே அண்ணா.

அவர் சொன்னது மோட்டார் பொறியியலின் பால பாடம். நான்கு சக்கர இயக்கம் என்பது இன்ஜினின் விசையைப் பங்கிடும் ஏற்பாடு. கிளம்பவும் ஏறவும் அது உதவும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களுக்கும் இருக்கிறது. நிறுத்தும்போது விலையுயர்ந்த வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் வித்தியாசம் டயரில்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஏறுவது, திரும்புவது, நிற்பது மூன்றும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் நடக்கின்றன. பழைய லேண்ட் ரோவரிலாவது இறக்கத்தில் வண்டியைத் தடுத்துப் பிடிக்கக் குறைந்த வேகக் கியர் உண்டு. நகரத்துக்காக விற்கும் 'ஆல் வீல் டிரைவ்' கார்கள் பலவற்றில் அதுவும் கிடையாது. சுலபமாக ஏறிவிட்டோம் என்ற துணிச்சல் மட்டும் மிச்சமாகும்.

அங்கிருந்து காங்டாக். 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தா பெருகியபோது சிலிகுரியிலிருந்து வரும் நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அதன் காயங்கள் இன்னும் ஆறவில்லை. காங்டாக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், 3,753 மீட்டர் உயரத்தில் சாங்கு ஏரி. அதற்கும் மேலே நாது லா கணவாய், 4,310 மீட்டர். கொல்கத்தாக்காரர்கள் பனி பார்க்கப் போவது பெரும்பாலும் இந்த ஜவாஹர்லால் நேரு சாலையில்தான்.

நான் போன ஜீப்பில் இயங்கியவை பின்சக்கரங்கள் மட்டும். எனக்குச் சற்று ஏமாற்றம். பதினைந்தாம் மைல் தாண்டியதும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்தார். உள்ளே இரும்புச் சங்கிலிகள். பத்து நிமிடத்தில் இரண்டு பின் டயர்களுக்கும் கொலுசு மாட்டினதுபோல் கட்டி முடித்தார். சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு போகும். ஆனால் மெதுவாகத்தான் போக வேண்டும், தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். சங்கிலி பின்னால் மட்டும் இருந்தால் முன்சக்கரம் திரும்ப மறுக்கலாம் என்பதால், வளைவுகளில் நத்தை வேகம்.

ஏரிக்கரையில் ஒரு வேடிக்கை. வண்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பமும் முதலில் ஓடியது வாடகைக்கு ரப்பர் பூட்ஸ் தரும் கடைக்கு. நகரத்துச் செருப்போடு பனியில் கால் வைத்தால் விழுவோம் என்று குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. தங்களைச் சுமந்து வந்த வண்டியின் காலில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பார்க்க வேண்டிய அவசியத்தை இந்தச் சாலை பலமுறை உணர்த்தியிருக்கிறது. 2018 டிசம்பர் 28 அன்று திடீரெனக் கொட்டிய பனியில், நாது லாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான வண்டிகள் பதினேழாம் மைல் அருகே நின்றுவிட்டன. சுமார் 2,500 பயணிகளை ராணுவம் மீட்டுத் தன் முகாம்களில் தங்க வைத்தது. 2023 ஏப்ரல் 4 அன்று பதினைந்தாம் மைல் அருகே பனிச்சரிவில் 7 பேர் இறந்தார்கள். சரிவின் முன் டயரும் இல்லை, சங்கிலியும் இல்லை. அங்கே காப்பாற்றுவது, போகாதே என்று சொன்னால் கேட்கும் புத்தி மட்டும்தான்.

தமிழ் படித்தவன் என்பதால் வழியெல்லாம் இன்னொன்றும் உறுத்தியது. நமக்குப் புல்லின் மேல் இருப்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, வானிலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று காலத்தைப் பிரித்த மொழி, பொருளைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. ஆனால் இந்த ஓட்டுநர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற பிரிவினை. புதிதாக விழுந்த பனியில் டயர் ஓரளவு பதியும். பல வண்டிகள் மிதித்து இறுகியது வழுக்கும். பகலில் உருகி மாலையில் மீண்டும் உறைந்தது எல்லாவற்றிலும் மோசம். அதனால்தான் மதியம் திரும்பும் வேளை வந்தால் அவர்கள் பொறுமை இழக்கிறார்கள். 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' என்று நாம் கேட்கும் பத்து நிமிடம், அவர்கள் இறங்க வேண்டிய சாலையை வேறாக்கிவிடும்.

டொரண்டோ மகன் சொன்னதும் சரிதான். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் குளிரிலும் இளகியே இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் மேல் மெல்லிய கீறல்கள் ஏராளம், அவை பனியைப் பற்றிக்கொள்ளும். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-லிருந்து குளிர்காலத்தில் இந்த டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மான்ட்ரியலில் வாழும் நம்மவர்கள் வருடத்துக்கு இருமுறை டயர் மாற்றுவது, இங்கே போர்வையை எடுத்து வைப்பது மாதிரி சாதாரண வேலை.

ஆனால் நியாயம் ஊருக்கு ஊர் மாறும். கொல்கத்தாவில் குளிர்கால டயரைக் கடையில் கேட்டால் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்து மாட்டினாலும், நம் வெயிலில் அந்த இளகிய ரப்பர் சீக்கிரம் தேயும்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைசியாக, காங்டாக்கிலேயே தெரிந்துகொண்ட ஒரு தகவலையும் சொன்னேன். சாங்கு சாலையில் வெளிமாநிலச் சுற்றுலாக்காரர்களின் சொந்த வண்டிகளை விடுவதில்லை. அனுமதிச் சீட்டு வாங்கி, சிக்கிம் பதிவெண் கொண்ட வண்டியில்தான் போக வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இத்தனை நாள் நான் கேட்டதே வீணா?"

வீணில்லை. அவர் பழைய காரின் டயரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பள்ளங்களுக்கு நடுவே தேய்மானம் காட்டும் சின்ன மேடு, டயரின் மேற்பரப்போடு சமமாகியிருந்தது. நம் சட்டப்படி கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்த டயரோடுதான் ஆடி மாதத்து மழையில், தண்ணீர் தேங்கிய தெருவிலும் வழுக்கும் டிராம் தண்டவாளத்திலும் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போயிருக்கிறார். பனிக்குப் பயந்தவர் மழைக்குப் பயப்படவில்லை.

புதுக் கார் வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்தார். அந்த வாரமே நான்கு டயரையும் மாற்றினார். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ரயிலில் கிளம்பினார். காங்டாக்கில் வாடகை ஜீப் வந்து நின்றபோது, பேத்தி ஏறாமல் நின்று ஓட்டுநரைக் கேட்டாளாம்:

"அங்கிள், செயின் வெச்சிருக்கீங்களா?"

ஓட்டுநர் சாக்கு மூட்டையைத் திறந்து காட்டிய பிறகுதான் ஏறினாளாம்.