ரெண்டு நோட்டுல ஒரே கணக்கு

கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு மக்கா. நடுவுல நெல்லுக் கணக்கும் வரும், பாதியில ஓடிராதீங்க :-)

போன மாசம் நாகர்கோவில்ல வீட்டுல இருந்துதான் வேலை. ராத்திரி ஆனா எக்ஸ்வி6-ஐ நோண்டுவேன். எம்ஐடியில பாடம் நடத்துறதுக்காக 2006-ல எழுதின குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். அதோட ரிஸ்க்-ஃபைவ் வடிவம், கொஞ்சம் பழைய பிரதி என்கிட்ட இருந்தது. (சென்னை ஐஐடியோட சக்தி ப்ராசஸரும் ரிஸ்க்-ஃபைவ்தான்.)

ஒரு ப்ரோக்ராம் கெர்னலுக்குள்ள நுழையும்போது அதோட ரெஜிஸ்டர்களை ட்ராப்ஃப்ரேம்ங்கிற ஸ்ட்ரக்ட்ல எடுத்து வைக்கணும். ஸ்ட்ரக்ட் இருக்கிறது ஹெட்டர் ஃபைல்ல, சி மொழியில. எடுத்து வைக்கிறது அசெம்பிளி. அதுக்கு ஸ்ட்ரக்ட்னா என்னன்னே தெரியாது. ஆர்ஏ 40-வது பைட்ல, ஏ7 168-வது பைட்லன்னு வெறும் நம்பராத்தான் எழுதியிருக்கும்.

நான் ஹெட்டர்ல ஆர்ஏ-வுக்கு முன்னாடி 8 பைட்டுக்கு ஒரு ஃபீல்டு சேர்த்தேன். அசெம்பிளியைத் தொடல. ஒரு வார்னிங்கூட இல்லாம கம்பைல் ஆச்சு. ஓட்டினா, 84215045-ங்கிற சிஸ்டம் கால் தெரியாதுன்னு ஸ்கிரீன் பூரா அதே வரி ஓடுது. மூணு ராத்திரி போச்சு.

கடைசியில அந்த நம்பரைப் பிரிச்சுப் பார்த்தேன். நாலு பைட்டு, ஒவ்வொண்ணுலயும் 5. எக்ஸ்வி6 மெமரி கொடுக்கும்போது 5-ஐப் போட்டு நிரப்பித்தான் கொடுக்கும். அதாவது, யாரும் எதுவும் எழுதாத இடத்துல இருந்து வந்த குப்பை. அசெம்பிளி சிஸ்டம் கால் நம்பரை 168-ல வைக்குது, சி அதை 176-ல தேடுது!

"இன்னும் உறங்கலியால?"ன்னு அம்மை எந்திரிச்சு வந்தா. முடிஞ்ச மட்டும் விளக்கினேன். "பாட்டாவும் மாமாவும் எழுதின கணக்கு மாதிரில்லா இருக்கு"ன்னா.

தோவாளைப் பக்கம் எங்க வயலுக்கு ரெண்டு நோட்டு. ஒண்ணு பாட்டாகிட்ட, ஒண்ணு மாமாகிட்ட. ஒரு கும்பப்பூவுல மழைக்கு நெல்லு சாஞ்சு போச்சுன்னு பாட்டா குத்தகைக்காரருக்கு 3 கோட்டை விட்டுக் கொடுத்தாரு. தன் நோட்டுல எழுதினாரு, மாமாகிட்ட சொல்ல மறந்துட்டாரு. அவரு போன பிறகு, அந்த நெல்லு எங்க வீட்டுக்கு வந்துட்டுன்னு மாமா நெனச்சாரு. பாட்டா நோட்டு பரண்ல கெடைக்க 6 வருஷம் ஆச்சு. அதுக்குள்ள மாமா மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிட்டு. நாங்க போகல. இதுல திருடினவங்க யாரும் கிடையாது.

லினக்ஸ்ல இதுக்கு நல்ல வழி வச்சிருக்காங்க. அஸ்ம்-ஆஃப்செட்ஸ்னு ஒரு சி ஃபைல். கம்பைலரே ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனாவது பைட்டுன்னு கணக்குப் போடும். அந்த விடைகளைப் பிரிச்செடுத்து டிஃபைன் மட்டும் உள்ள ஒரு ஹெட்டரை உண்டாக்குவாங்க. அசெம்பிளி அதை இன்க்ளூட் பண்ணிக்கிடும். சியும் அசெம்பிளியும் சேர்ந்து படிக்கிற மத்த ஹெட்டர்கள்ல, சிக்கு மட்டும் புரியற ஸ்ட்ரக்ட் எல்லாம் ஒரு இஃப்என்டெஃப்-க்குள்ள ஒதுங்கியிருக்கும்.

நானும் அதையே செஞ்சேன். ரெஜிஸ்டர் எடுத்து வைக்கிற மேக்ரோவுல இப்போ நம்பரே கிடையாது, பேருதான். சோதிக்க இன்னொரு ஃபீல்டு சேர்த்தேன். ஓடுது.

மறுநாள் மாமாவுக்கு போன் போட்டேன். எக்ஸ்வி6 பத்தி ஒண்ணும் சொல்லல. "சும்மாதான் மாமா"ன்னேன்.