மூடிக்கொண்ட செயலி

என் மனைவியின் மூத்த சகோதரி கடந்த பெப்ரவரி மாதம் ரொறன்ரோவில் காலமானார். செய்தி வியாழக்கிழமை விடிகாலையில் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிரியை என்றும், அதனை யூரியூப்பில் நேரலையாகக் காட்டுவதாகவும் பெறாமகன் வட்ஸ்அப்பில் அறிவித்திருந்தான். கனடாவின் குளிர்காலக் கணக்கில் நமக்கும் அவர்களுக்கும் இடையே பத்தரை மணி நேர வித்தியாசம். ஆகவே கொழும்பில் அது சனி இரவு எட்டரை மணி.

ஒரு காலத்தில் மரணச் செய்திகளை நாம் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலில் கேட்டோம். பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில் வாசித்தோம். அந்தப் பக்கத்தின் பெயர்களையும் உறவுமுறைகளையும் பிழையின்றி அச்சேற்றுவதற்காக நான் விழித்திருந்த இரவுகள் அநேகம். இன்று செத்தவீடே வரவேற்பறைக்குள் வந்துவிடுகிறது. முழங்கால் வலியும் விசாப் பிரச்சினையும் உள்ளவர்களுக்கு அதுவே ஆறுதல்.

ஆனால், எங்கள் வீட்டில் அந்த ஆறுதலுக்கும் வழியில்லாமல் இருந்தது. தொலைக்காட்சியின் பின்புறம் செருகியிருக்கும், பெருவிரலளவான அந்த அண்ட்ரொய்ட் கருவி செவ்வாய்க்கிழமை முதல் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. முகப்புத் திரை அழகாக வரும். யூரியூப்பைத் திறந்தால் இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடும். பின்னர் செயலி தானாக மூடிக்கொள்ளும். செய்தி பார்க்கும் செயலிக்கும் அதே கதிதான். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கண்ணில் வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஒருத்திக்கு அது உதவாது.

மெல்பேர்னில் இருக்கும் மகனின் ஆலோசனைப்படி வியாழன் முழுவதும் வைத்தியம் பார்த்தேன். முதலில் அமைப்புகளுக்குள் போய் யூரியூப்பின் தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். பயனில்லை. அடுத்து அதன் தரவுகள் யாவற்றையும் அழித்தேன். அப்படிச் செய்தால் செயலி நம்மை மறந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடவுச்சொல்லை ரிமோட்டின் அம்புக்குறிகளால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் கொடுப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன். சேமிப்பிடத்தைப் பார்த்தேன். மொத்தம் 8 ஜிகாபைட். அதில் கணிசமான பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. மீதியில் பேரன் விடுமுறைக்கு வந்தபோது ஏற்றிய கார்ப் பந்தயங்கள் இரண்டு! அவற்றையும் அழித்தேன். இடம் நெருக்கடியானால் செயலிகள் தடுமாறுவது உண்மைதான். ஆனால், எங்கள் வீட்டு நோய் அதுவன்று.

வெள்ளி மாலை மகன் இறுதி அஸ்திரத்தை எடுத்தான். "அப்பா, முழுசா ரீசெற் பண்ணிவிடுங்கோ. எல்லாம் சரிவரும்."

நான் தயங்கினேன். 2025 மார்ச் மாதம் 9ஆம் திகதி உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்த செய்தி நினைவுக்கு வந்தது. 2015இல் சந்தைக்கு வந்த கருவிகள் அவை. அவற்றின் நம்பகத்தை உறுதிப்படுத்தும் மின்னியல் சான்றிதழ் ஒன்று பத்தாண்டுகள் நிறைந்து காலாவதியாகிவிட்டது. கருவியில் பழுதில்லை, சான்றிதழின் திகதிதான் கடந்திருந்தது. கருவியை ரீசெற் செய்யவேண்டாம் என்று கூகுள் நிறுவனமே அப்போது எச்சரித்தது. திருத்தம் சில நாட்களில் வந்தது. அவசரப்பட்டு அழித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சிரமப்பட்டார்கள். அதற்கு முன்னர், 2021 மார்ச் 22ஆம் திகதி, அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. காரணம் அந்தச் செயலிகளல்ல. இணையப் பக்கங்களைக் காட்டுவதற்கு அவையெல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் வெப்வியூ என்ற உறுப்பு. அதில் ஏற்பட்ட கோளாறு எல்லோரையும் வீழ்த்தியது.

அச்சுக்கூடத்தில் இது எங்களுக்குப் பழக்கமான பாடம். ஒரு செய்தியில் ஓர் எழுத்து உடைந்திருந்தால் அந்த ஓர் அச்செழுத்தை மாற்றுவோம். எல்லாப் பக்கங்களிலும் மை மங்கியிருந்தால் அச்சுக்கோப்பாளரைத் திட்டிப் பயனில்லை. இயந்திரத்தைப் போய்ப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் மூடிக்கொண்டது ஒரு செயலியல்ல, இரண்டு. அப்படியிருந்தும் இரண்டு நாட்களாக யூரியூப்பையே குடைந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல். அழுது களைத்து மூலையில் அமர்ந்திருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒவ்வொருக்காலும் அந்தப் படம் வருகுதே, அது என்ன?"

"எந்தப் படம்?"

"தொலைக்காட்சியைப் போட்டவுடன வருமே, கொம்பனியின்ர அடையாளம். இது நிண்டாப் பிறகும் அதுதான் வருகுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். செயலி மட்டும் விழுந்தால் முகப்புத் திரைக்குத்தான் திரும்பவேண்டும். தயாரிப்பாளரின் அடையாளம் தோன்றுகிறதென்றால் கருவி முழுவதுமாக அணைந்து, மறுபடி உயிர்பெறுகிறது என்று பொருள். அப்படியானால் பார்க்கவேண்டியது மின்சாரத்தை!

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? எனது கைத்தொலைபேசியின் அடப்டர் பழுதாகிவிட்டது. அந்தக் கருவியின் அடப்டரைக் கழற்றித் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டேன். கருவியின் வயரைத் தொலைக்காட்சியிலுள்ள யூ.எஸ்.பி. துளையில் செருகிவிட்டேன். திரை ஒளிர்ந்தது, போதும் என்று நினைத்தேன். அந்த வகைப் பழைய யூ.எஸ்.பி. துளை தருவதாக விதித்திருப்பது 500 மில்லிஅம்பியர். கழற்றிய அடப்டரில் 1 அம்பியர் என்று பொறித்திருக்கிறது, சரியாக இரு மடங்கு. முகப்புத் திரைக்குச் சிறிது மின்சாரமே போதும். காணொளி ஓடத் தொடங்கி, வைபையும் வேலைசெய்யும்போது தேவை கூடுகிறது. கருவி மயங்கி விழுகிறது.

'எப்போது தொடங்கியது? அதற்குமுன் என்ன மாறியது?' என்று நாற்பது வருடங்களாக எல்லோரையும் கேட்டவன் நான். என்னை நானே கேட்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் கேட்டேன். மகனிடம் இதனைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. "வயர் கோளாறு" என்று மட்டும் எழுதினேன்.

அடப்டரைப் பழையபடி சுவரில் மாட்டினேன். சோதனைக்காக ஒரு பழைய நாதஸ்வரக் கச்சேரியை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சத்தத்தைக் குறைத்துத்தான், துக்க வீடல்லவா. ஒருமுறைகூட நிற்கவில்லை.

எட்டரைக்கு மண்டபம் தெரிந்தது. குளிர்ச்சட்டைகளோடு சனங்கள். திருப்பொற்சுண்ணம் பாடும்போது மனைவியின் உதடுகளும் அசைந்தன. பெட்டியை மூடும்போது "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். படம் அசையாமல், அறுபடாமல் நின்றது. மின்னேற்றமில்லாத எனது கைத்தொலைபேசி மேசையில் அணைந்து கிடந்தது.

ஒளிபரப்பு முடிந்ததும் அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து, செத்தவீட்டுக்குப் போய்வந்தவளைப்போலத் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்தாள். பிறகு நானும் போய்த் தோய்ந்தேன். அப்போது இரவு பத்தரை மணி இருக்கும்.