எட்டு நிமிடப் படம் எங்களுக்குச் சொல்லித்தந்தவை



எங்கள் தரம் 10 பிள்ளைகள் எடுத்த கரைவலைப் படத்தைப் பற்றிப் போன கிழமை ஒரு சிறு குறிப்புப் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு ஆசிரிய நண்பர்கள் பலர் இன்பொக்ஸில் வந்து கேட்கிறார்கள். "என்ன கமரா? எவ்வளவு முடிஞ்சிச்சு? எங்கட பள்ளிக்கூடத்திலயும் செய்யலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிளேன்டீயோடு உட்காருங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள், பதினான்கு பிள்ளைகள், இறக்கக்கண்டிக் கரையில் வலை இழுக்கிற ஒரு கூட்டம், கருவாடு போடுகிற நாலைந்து பெண்கள், இத்தனை பேரும் சேர்ந்த வேலை இது. தனி ஆள் கணக்கில் எழுத முடியாது.

செலவை முதலில் சொல்லிவிடுகிறோம். கமரா வாங்கவில்லை. மூன்று போன்கள். இரண்டு ஆசிரியர்களுடையவை, மற்றது ஒரு பிள்ளையின் காக்காவுடையது. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஒரு பழைய கதிரை, அதன் மேல் மணல் நிரப்பிய சீனிப் பை. பையில் சிறு பள்ளம் பண்ணிப் போனை அதில் பதித்தால் அசையாது. எடிட் பண்ணியதும் போனிலேயே. காசு போனது மெமரி கார்டுக்கும் பிள்ளைகளின் பணிஸுக்கும் மட்டும்தான்.

இனி, படித்த பாடங்கள்.

1. எடுக்க முன்னர் பார்க்க வேண்டும்

பிள்ளைகள் ஒரு நாளைக்கு நூறு வீடியோ பார்க்கிறார்கள். ஆனால் ஒன்றையே மூன்று தரம் பார்த்ததில்லை. நாங்கள் முதல் இரண்டு பாடவேளையும் ஒரே குறும்படத்தைத்தான் போட்டோம். ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970இல் எடுத்த அவருடைய முதல் படம், 'ரொட்டியும் சந்தும்'. சிறுவர், இளைஞர்களுக்கான கானூன் என்ற நிறுவனத்துக்காக எடுத்தது. ஒரு பொடியன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். சந்தில் ஒரு நாய் குரைக்கிறது. அவனுக்குப் பயம். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவன் பின்னால் வருகிறது. கதை அவ்வளவுதான். பேச்சே இல்லை.

முதல் தரம் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா சேர்?" என்றார்கள். இரண்டாம் தரம் எத்தனை ஷொட் என்று எண்ணச் சொன்னோம். மூன்றாம் தரம், பொடியன் பயந்திருக்கிறான் என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். அவன் வாயால் சொல்லவில்லையே? அந்தக் கேள்வியோடு வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு பிள்ளை சொன்னா, "அவன் நடக்கிறத விட்டுட்டு நிண்டு பாக்கிறான் சேர். அதான்." படமொழியின் முதல் பாடத்தைப் பிள்ளையே சொல்லிவிட்டது.

2. கதையை வீட்டு வாசலில் தேட வேண்டும்

முதலில் வந்த கதைகளில் ஒன்றில் கடத்தல் கும்பல், ஒன்றில் டுபாய், ஒன்றில் கார் வெடித்தல். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். சிரித்துவிட்டு வேறு கேள்வி கொடுத்தோம். "உங்கட வீட்டில ஒராளுக்குத் தெரிஞ்ச, உங்களுக்குத் தெரியாத வேலை ஒன்றை எழுதிட்டு வாங்க." பதினான்கு தாள்களில் பதினொன்று களப்பையும் கடலையும் பற்றி. இறால் வலை, நண்டுக் கூடு, கருவாடு, வலை பின்னுதல். அதிகம் பேர் எழுதியது கரைவலை.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் பிடித்திருக்க, தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக்கொண்டு போய் மறு நுனியைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். கடைசியில் மீன் நிறைந்த மடி கரைக்கு வரும். மடி வருமட்டும் உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. ஒரு படத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு உண்டா?

முதல் சிங்களப் படம் 1947இல் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் ஸ்டூடியோ செட்டுகளுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த சிங்கள சினிமாவை, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' படத்தோடு உண்மையான கிராமத்து வெயிலுக்குக் கொண்டுவந்தார். செங்கை ஆழியானின் நாவலான 'வாடைக்காற்று' 1978இல் இலங்கைத் தமிழ்ப் படமாக வந்தது. அதுவும் மீனவர் கதைதான். இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "எங்கட ஆக்களப் பத்தியும் படம் வந்திருக்கா?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கவலையும் இருந்தது.

3. கண்ணைவிடக் காது கஷ்டம்

கிழக்குக் கரையில் வெளிச்சத்துக்குக் குறை இல்லை. காலையில் சூரியன் கடலில் இருந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால், வலை இழுப்பவர்களின் முகமெல்லாம் பொன்போல இருக்கும். எட்டரை மணிக்குப் பிறகு வெயில் உச்சிக்கு ஏற ஏறக் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். ஆகவே படப்பிடிப்பை விடிய ஆறு மணிக்கு வைத்தோம்.

காற்றுத்தான் எதிரி. கரையில் நின்று பேசுகிற ஆளைத் தூரத்தில் இருந்து பதிந்தால் காற்றும் அலையும்தான் கேட்கும். இதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி: ஒரு போன் படம் எடுக்கும், இன்னொரு போன் பேசுபவரின் சட்டைப் பைக்குள் இருந்து குரலை மட்டும் பதியும். மைக் துளையின் மேல் மெத்தைப் பஞ்சில் ஒரு துண்டு. தொடங்கும்போது ஒருவர் கமரா முன் பலமாகக் கை தட்ட வேண்டும். பிறகு எடிட்டில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம். சினிமாவில் கிளாப் பலகை செய்வதும் இதே வேலைதான்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துக்கு உறவான ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் 1934இல் தேயிலைப் பிரசாரச் சபைக்காக இலங்கைக்கு வந்து எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்'. உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர் அது. இங்கே ஓசை இல்லாமல் எடுத்துப்போய், ஓசையை லண்டனில் வைத்துச் சேர்த்தார்கள். அதில் ஒலிக்கும் வர்ணனை ரொபர்ட் நொக்ஸின் நூலில் இருந்து எடுத்தது. இந்த நொக்ஸ் 1660இல் பிடிபட்டது எங்கே? எங்கள் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம். கண்டி அரசனின் கைதியாக இருந்து 1679இல் தப்பிப்போய் 1681இல் நூலை வெளியிட்டார். வர்ணனையை வாசித்த குரல் எங்கள் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. "அப்ப அந்தப் படத்தில இருக்கிற ஆக்கள் பேசவே இல்லையா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டா. எங்கள் படத்தில் வர்ணனையைக் குறைத்து, வலைக்காரரையே பேசவைப்பது என்ற முடிவு அந்தக் கேள்வியில் இருந்து வந்தது.

4. நடக்காததை நடக்கவைக்கலாமா?

ஒரு மூத்தாப்பா, அந்தக் காலத்தில் கயிறு இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவோம் என்றார். இப்போது எவரும் பாடுவதில்லை, யாராவது போனில் பாட்டுப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஆசை. "எல்லாரையும் பாடச் சொல்லி எடுப்பம் சேர், செமையா இருக்கும்!"

அன்று வகுப்பில் 'மேன் ஒஃப் அரான்' பற்றிப் பேசினோம். அதுவும் 1934தான். ரொபர்ட் ஃப்ளஹெர்ட்டி அயர்லாந்தின் தீவு மீனவரை எடுத்த படம். அதில் பெரிய சுறாவை ஈட்டி எறிந்து பிடிக்கும் காட்சி இருக்கிறது. ஆனால் அந்தத் தீவில் அந்த வேட்டை எப்போதோ நின்றுபோயிருந்தது. படத்துக்காகத்தான் மீண்டும் செய்தார்கள். படத்தில் வரும் குடும்பமும் உண்மையான குடும்பம் இல்லை, முகம் பார்த்துச் சேர்த்தவர்கள். படம் அழகுதான். ஆனால் பார்ப்பவர் அதை அன்றைய வாழ்க்கை என்று நம்பிவிடுவார்.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி சொன்னார்கள். மூத்தாப்பாவைத் தோணி நிழலில் உட்காரவைத்து, நினைவில் இருப்பதை அவரைத் தனியே பாடச் சொல்வது. கீழே "இப்போது பாடப்படுவதில்லை" என்று எழுத்துப் போடுவது. அவருக்கு இரண்டாம் அடி மறந்துபோய் நின்றுவிட்டது. அந்த நிற்பையும் வெட்டவில்லை. பார்த்தவர்கள் அதிகம் பேசியது அந்த இடத்தைப் பற்றித்தான்.

5. பெண்பிள்ளைகள் இல்லாவிட்டால் பாதி ஊர் இல்லை

பதினான்கில் எட்டுப் பேர் பெண்பிள்ளைகள். உம்மா வாப்பாமாருக்கு நியாயமான பயம் இருந்தது. பிள்ளையின் முகம் பேஸ்புக்கில் வருமா, எங்கெல்லாம் போகும் என்று. வீடு வீடாகப் போய்ப் பேசினோம். பிள்ளைகளின் முகம் படத்தில் வராது, படம் இணையத்தில் ஏறாது, வெளியே போகும்போது டீச்சர் கூடவே இருப்பா. மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். எட்டுப் பேருக்கும் சம்மதம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பலன் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. ஆண்பிள்ளைகள் வாடியோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு மடி கரைக்கு வந்தால் கதை முடிந்தது. பெண்பிள்ளைகள் கருவாடு காயும் முற்றத்துக்கும் குசினிக்கும் போனார்கள். மீன் விலைபோகாத நாளில் வீடு எப்படி ஓடுகிறது, உப்பு எவ்வளவு, மழை வந்தால் எவ்வளவு நட்டம், சீட்டுக்காசு யார் கையில், எல்லாம் அங்கேதான் கிடைத்தது. படத்தின் பிற்பாதி முழுக்க அவர்கள் கொண்டுவந்தது.

6. அழித்த பதினொரு நிமிடம்

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது இதுதான்.

கருவாடு போடுகிற ஒரு தாயிடம் இரண்டு பிள்ளைகள் உப்புக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தவர், யாரும் கேட்காமலே 2004 டிசம்பர் 26க்குப் போய்விட்டார். இழந்த மகனைப் பற்றி. கையில் இருந்த மீனை வைக்காமலே பதினொரு நிமிடம் பேசினார். நாட்டில் 30,000 பேருக்கு மேல் போன நாள் அது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு சுனாமி என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி, வருடத்தில் ஒரு நாள் துஆ. அன்றுதான் ஒரு தாயின் வாயால் கேட்டார்கள். பதிந்துவந்த பிள்ளை அன்றிரவு சாப்பிடவில்லை என்று உம்மா சொன்னார்.

படமாகப் பார்த்தால், நாங்கள் எடுத்ததில் ஆகச் சிறந்தது அந்தப் பதினொரு நிமிடம். வகுப்பில் போட்டபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அடுத்த நாள் அவர் அந்தப் பிள்ளையை வழியில் மறித்துச் சொன்னார்: "மகள், நான் அவனப் பத்திச் சொன்னத போட வேணாம். வாய் தவறி வந்திட்டு."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "முகத்த மறைச்சுப் போடலாம்." "குரல மட்டும் வைக்கலாம்." "உலகத்துக்குத் தெரிய வேணாமா சேர்?" "அவங்கதானே சொன்னாங்க, நாம கேக்கலியே." ஒருவன் வாக்கெடுப்பு வைக்கச் சொன்னான். அப்போது வழக்கமாகப் பேசாத ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னா, "அவங்கட மகன் சேர். நாம எப்படி வோட் போடுற?"

அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று போன்களையும் எடுத்துக்கொண்டு டீச்சரும் பிள்ளைகளும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் கண் முன்னாலேயே அழித்தார்கள். போனின் குப்பைத் தொட்டிக்குள் இன்னும் கிடக்கும், அங்கேயும் அழித்தார்கள். வட்ஸ்அப் குறூப்பில் போயிருந்ததையும் தேடி அழித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உப்புப் போடுறத வேணுமெண்டா இன்னொருக்கா எடுங்க" என்றாராம். படத்தில் இருப்பது அவருடைய இரண்டு கைகள், மீன், உப்பு, காற்றுச் சத்தம். இருபது வினாடி.

ஒருவரின் துக்கம் அமானிதம். அவர் கேட்டால் அந்த நிமிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியது. நாங்கள் எந்தப் பாடவேளையிலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத இதைப் பிள்ளைகள் ஒரு போனை வைத்துப் படித்தார்கள். இனி அவர்கள் எந்த விபத்து வீடியோவையும் ஷெயார் பண்ண முன் ஒரு நொடி யோசிப்பார்கள் என்று நம்புகிறோம்.

7. "இது சோதினைக்கு வருமா?"

பெற்றோர் கேட்டது. நேர்மையான கேள்விதான். பதில்: நேரடியாக வராது. ஆனால் நாலு வரிக்கு மேல் கட்டுரை எழுதாத ஒரு பையன், இருபது வினாடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு பந்தியை ஏழு தரம் திருத்தி எழுதினான். எந்தச் சொல் தேவையில்லை என்று அவனே வெட்டினான். எடுத்தது நாலு மணி நேரத்துக்கு மேல், படம் எட்டு நிமிடம். எதை விடுவது என்று தெரிவதுதான் எழுத்து என்பதை அட்டாளைச்சேனையில் படித்த காலத்தில் எங்களுக்கும் சொன்னார்கள். இவர்களுக்கு அது கையால் தெரிந்திருக்கிறது.

செய்ய நினைக்கும் நண்பர்களுக்குச் சுருக்கமாக: போனைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். எடுத்ததை அன்றன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், எடுத்த பிறகு இன்னொரு முறையும் கேளுங்கள். முதல் காட்சியைப் படத்தில் வருகிறவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். நாங்கள் வாடிப் பக்கம் வெள்ளைச் சீலை கட்டி இஷாவுக்குப் பிறகு போட்டோம். மடி கரையேறும் காட்சியில் ஒரு மாமா, "அண்டைக்கு மீன் குறைவு, வேற நாள் எடுத்திருக்கலாமே!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

லிங்க் கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறோம். பார்க்க விருப்பமானவர்கள் இறக்கக்கண்டிக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறோம்.

உங்கள் பள்ளிக்கூடங்களில் இப்படி ஏதாவது செய்திருந்தால் கொமென்ட்டில் எழுதுங்கள். அடுத்த தவணைக்கு எங்களுக்கும் உதவும்.