முனையத்தில் தோன்றிய பெட்டிகள்

பள்ளி விடுமுறை, ரெங்கத்தில் நல்ல மழை. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, கோப்புகளைப் பட்டியலிடும் நிரலொன்றை முனையத்தில் இயக்கினேன். பெயர்களுக்கு முன்னால் சின்னங்கள் தோன்ற வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிகள்!

அச்சின்னங்கள் படங்கள் அல்ல; எழுத்துகளே. ஒருங்குறி எப்பொருளும் வரையறுக்காமல் விட்டுள்ள தனிப்பயன் பகுதியில் அவற்றை இருத்தியுள்ளனர். அவ்வெண்ணுக்கு உருவம் தருவது குறிப்பிட்ட எழுத்துரு மட்டுமே. நெர்ட் ஃபாண்ட்ஸ் தொகுப்பிலிருந்து ஒன்றை இறக்கி நிறுவி, முனையத்தின் அமைப்பிலும் அதனையே தேர்ந்தபின் பெட்டிகள் மறைந்தன. (இந்தக் கடைசிப் படியை மறந்து அரைமணி நேரம் விழித்தது தனிக்கதை.)

பட்டியலில், ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் 2001இல் தட்டச்சு செய்த மாணவர் கட்டுரைகளும் இருந்தன. திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகள். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. எனினும் அது நம் கணினிகளுக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் போன்றவற்றுக்கு மாற்றிகள் உள்ளன. ஐயா பயன்படுத்திய எழுத்துருவோ எந்த மாற்றியிலும் இல்லை.

பெட்டியாவது எழுத்துரு இல்லையென்று சொல்லிவிடுகிறது. இங்கே கணினிக்கு அதுவும் தெரியாது.

ஊகித்து ஊகித்து அட்டவணை எழுதி வருகிறேன். 'ஞ'கரமும் 'ஔ'காரமும் இன்னும் அகப்படவில்லை. ஐயாவிடம் அச்சுப்படி ஒன்று இருக்கிறதாம். ஞாயிறன்று போய் வாங்கி வர வேண்டும்.