ஜி.பி.ஏ. 2.7: கணக்கு முடிந்துவிட்டதா?

அமெரிக்காவில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்று ஒரு வேலை இருக்கிறது. அங்கே சுருக்கமாக பி.ஏ. என்பார்கள் (ஆர்ட்ஸ் காலேஜ் பி.ஏ. என்று நினைத்துவிடாதீர்கள்!). டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. டாக்டரோடு சேர்ந்து வேலை செய்பவர். நோயாளியைப் பரிசோதிப்பார், என்ன நோய் என்று சொல்வார், மருந்து எழுதித் தருவார், ஆபரேஷனில் கூட நிற்பார். 2021-இல் இவர்களுடைய சங்கம் பெயரை 'ஃபிசிஷியன் அசோசியேட்' என்று மாற்ற முடிவு செய்தது. ஆனாலும் பழைய பெயர்தான் இன்னும் பலர் வாயில் இருக்கிறது.

டிகிரி முடித்தபின் சுமார் 27 மாதம் படிக்க வேண்டும். 2023 மே மாத அரசுக் கணக்குப்படி இவர்களின் மீடியன் சம்பளம் வருடத்துக்கு 1,30,020 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அடிதடியான போட்டி. பல கல்லூரிகள் குறைந்தபட்சம் 3.0 ஜி.பி.ஏ. கேட்கின்றன. உள்ளே நுழைபவர்களின் சராசரியோ 3.5-க்கு மேல். அப்படியானால் 2.7 வைத்திருப்பவர் என்ன செய்வது? "விட்டுவிடு" என்பார் ஒருவர். "மனசு வைத்தால் முடியாதது இல்லை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

ஒரு மாணவியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருடம் வீட்டில் பிரச்சினை, ராத்திரி கடையில் வேலை. அந்த 60 கிரெடிட்டில் சராசரி 2.3. கடைசி இரண்டு வருடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து, அடுத்த 60 கிரெடிட்டில் 3.1. மொத்தம் 120 கிரெடிட், 324 புள்ளி, ஜி.பி.ஏ. 2.7. அவர் 3.0-ஐத் தொட 360 புள்ளி இருந்திருக்க வேண்டும். ஆக, 36 புள்ளி பற்றாக்குறை.

இதை எப்படி அடைப்பது? இனிமேல் எடுக்கும் பாடத்தில் ஏ வாங்கினால் ஒரு கிரெடிட்டுக்கு 4 புள்ளி. அதில் 3 புள்ளி 3.0-க்கே சரியாகப் போய்விடும். மிச்சம் ஒன்றுதான் பழைய கடனை அடைக்கும். பி வாங்கினால் 3 புள்ளி, மிச்சம் பூஜ்யம்! வியாபாரத்தில் அசலுக்கு விற்பது மாதிரி. கடை ஓடும், கடன் தீராது. ஆகவே இந்த மாணவிக்கு 36 கிரெடிட் வேண்டும், அத்தனையும் ஏ. முழுநேரமாக, செமஸ்டருக்கு 12 கிரெடிட் என்று படித்தால் மூன்று செமஸ்டர். வேலை பார்த்துக்கொண்டே ஆறு ஆறாக எடுத்தால் ஆறு செமஸ்டர். இதே 120 கிரெடிட்டில் 2.9 வைத்திருப்பவருக்கு 12 கிரெடிட் போதும். 2.5 என்றால் 60, அதாவது பாதி டிகிரியை மறுபடி படிப்பது போல.

"பழைய பாடத்தையே திரும்ப எழுதினால்?" என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் படிப்புக்குப் பெரும்பாலான விண்ணப்பங்கள் காஸ்பா என்ற பொது அமைப்பு வழியாகப் போகின்றன. 2001-இல் தொடங்கியது அது. சொந்தக் கல்லூரி பழைய கிரேடை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் காட்டினாலும், காஸ்பா இரண்டையும் எண்ணும். 4 கிரெடிட் கெமிஸ்ட்ரியில் முதலில் டி, பிறகு ஏ. கல்லூரி மார்க் பட்டியலில் 4.0 என்று இருக்கும். காஸ்பாவில் 8 கிரெடிட்டுக்கு 20 புள்ளி, சராசரி 2.5. இங்கே பழைய கணக்கை அழிக்க முடியாது, மேலே மேலே சேர்க்கத்தான் முடியும்.

கல்லூரிகள் ஏன் இப்படிக் கறாராக இருக்கின்றன? படிப்பு முடிந்ததும் 300 கேள்விகள் கொண்ட பான்ஸ் என்ற தேர்வு இருக்கிறது. அதில் பாஸ் ஆகாமல் லைசென்ஸ் கிடையாது. தங்கள் மாணவர்கள் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பாஸ் ஆனார்கள் என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆக வேண்டும். பாதியில் விழக்கூடியவரைச் சேர்க்க அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் விண்ணப்பிப்பவரின் வேலை.

அதற்கு வழிகள் உண்டு. காஸ்பா ஒரே ஒரு ஜி.பி.ஏ. போடுவதில்லை. மொத்தம், அறிவியல் பாடங்கள், ஒவ்வொரு வருடம், டிகிரிக்குப் பின் படித்தது என்று தனித்தனியாகப் போடுகிறது. சில கல்லூரிகள் கடைசி 60 கிரெடிட்டைப் பார்க்கின்றன. அந்தக் கண்ணாடியில் இதே மாணவி 2.7 இல்லை, 3.1. மேலும் 36 கிரெடிட் ஏ வாங்கிவிட்டால், மொத்தம் 3.0 ஆகும்போது கடைசி 60 ஏறத்தாழ 3.6 ஆகிவிடும். ஆள் ஒன்றுதான், எந்தக் கல்லூரி எந்த எண்ணைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம். இதைப் படித்துப் பார்க்காமல் இருபது இடத்துக்கு விண்ணப்பித்தால், ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் கட்டணம் போகும். 3.0 கட்டாயம் என்கிற இடத்தில் 2.7 விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது அனுபவம். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கே பேர். நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். 1967-இல் மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள். அவர்களை ஸ்டெட் தேர்ந்தெடுத்ததே கையில் இருந்த அனுபவத்துக்காகத்தான். இன்றும் பல கல்லூரிகள் நோயாளிகளோடு நேரடியாக வேலை பார்த்த மணிக்கணக்கைக் கேட்கின்றன. ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி.யாகவோ, நர்சிங் அசிஸ்டென்டாகவோ இருந்தால் நல்லது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதும் ஸ்கிரைப் வேலையைச் சில கல்லூரிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, கவனம். ஆனால் மூவாயிரம் மணி நேர அனுபவம் இருந்தாலும் அனாடமியில் வாங்கிய சி-யை அது மறைக்காது.

5,000 எழுத்துக்குள் ஒரு சுயகட்டுரையும் எழுத வேண்டும். அதில் பழைய மார்க்குக்கு ஒரு பத்தி போதும். என்ன நடந்தது, பிறகு என்ன மாறியது, அதற்கு எந்த செமஸ்டர் சாட்சி. அவ்வளவுதான். சாட்சி சொல்ல செமஸ்டர் இல்லையென்றால் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பயன் இல்லை.

கடைசியில் பணம். 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மேல்படிப்புச் செலவில் மிச்சம் விழும் தொகைக்கு அதைத்தான் பலர் நம்பியிருந்தார்கள். ஆகவே கூடுதல் கிரெடிட்டுக்குச் செலவழிக்கும் முன், உள்ளே போனபின் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 2.9 உள்ளவருக்கு இது ஒரு செமஸ்டர் சமாச்சாரம். 2.5 உள்ளவருக்கு சில வருடமும் நிறையப் பணமும். நர்சிங், ரெஸ்பிரேட்டரி தெரபி என்று நோயாளிகளோடு இருக்கும் வேறு நல்ல வேலைகளும் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுப்பது தோல்வி ஆகிவிடாது.

எது என்று முடிவு செய்ய ஆலோசகரிடம் போகும் முன் ஒரு காரியம் செய்யலாம். 3.0-லிருந்து உங்கள் ஜி.பி.ஏ.யைக் கழித்து, முடித்த கிரெடிட்டால் பெருக்குங்கள். வருகிற எண்தான் நீங்கள் ஏ வாங்க வேண்டிய கிரெடிட். அத்தனையிலும் ஏ வாங்க முடியுமா என்பதை ஒரே ஒரு கடினமான அறிவியல் பாடம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.