கதவுக்குச் சந்து விட்ட அப்பா... ரோபோவுக்கு விடாத மகள்!

உத்திரமேரூரை ஒட்டிய ஒரு கிராமம். திண்ணை முழுக்க மரத்தூள். அப்பா தச்சு வேலை செய்கிறவர். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியில் இருந்த கிட்டை வைத்து அவள் செய்த குட்டி ரோபோ, அப்பா அடித்துக் கொடுத்த மேஜையில் பத்துக்கு ஒன்பது தடவை சொன்ன இடத்தில் போய் நின்றது. போட்டியில்? முதல் சுற்றிலேயே, எடுக்க வேண்டிய கட்டையை உரசித் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

"அதே புரோகிராம்தாம்ப்பா. வீட்ல ஓடிச்சு, அங்க ஓடல."

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். உலக ரோபோ ஒலிம்பியாட்டின் ரோபோமிஷன் மேஜை உள்ளளவு 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம். அடுத்த வரியிலேயே, 5 மி.மீ. கூடக் குறைய இருக்கலாம் என்றும் இருக்கிறது. அவள் அதைப் படித்திருந்தாள். ஆனால், அது மேஜை செய்கிறவர்களுக்கான வரி என்று நினைத்துவிட்டாள்.

அப்பா சிரித்தார். "நானே அடிச்சாலும் ரெண்டு மேஜை ஒண்ணா வராதும்மா. மழைக்காலத்துல கதவு இறுக்கும், வெயில்ல தளரும். அதுக்குத்தான் நிலைக்கும் கதவுக்கும் நடுவுல சந்து விடுறோம். உன் வண்டிக்கு நீ எங்க சந்து விட்ட?"

விடவில்லை. சுவரிலிருந்து இத்தனை சுற்று சக்கரம் உருண்டால் கட்டை வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். 56 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 176 மி.மீ. போகும். இரண்டு மீட்டர் போக 11 சுற்றுக்கு மேல். நடுவில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். ஃபிளெக்ஸ் விரிப்பு சுருங்கியோ, ஓரம் தூக்கியோ இருக்கும். திரும்பும்போது ஒரே ஒரு டிகிரி பிசகினால் போதும், ஒரு மீட்டர் தள்ளி 17 மி.மீ. விலகிவிடும். பாவம், அந்த 5 மி.மீ. இதில் தம்பி மாதிரிதான். எல்லாம் சேர்ந்துகொண்டால்தான் வினை.

இதெல்லாம் புதுப் பிரச்னையும் இல்லை. பராந்தக சோழனின் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கும் ஊர் உத்திரமேரூர். அந்தக் காலத்திலேயே நிலம் அளக்கும் கோல் 12 சாண், 16 சாண் என்று இடத்துக்கு இடம் மாறியது. சண்டை வரக் கூடாதென்று பல ஊர்களில் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.

அவளும் அப்படி ஒரு நிலையான அடையாளத்தைத் தேடினாள். மேஜையின் சுவர் நகரும். ஆனால், விரிப்பில் அச்சான கறுப்புக் கோட்டுக்கும் கட்டைக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது. அதனால் சுவரில் பின்பக்கம் முட்டி வண்டியை நேராக்கிக்கொள்வது மட்டும்தான் இப்போது சுவரின் வேலை. தூரம் எண்ணுவதெல்லாம் ஒளி சென்சார் கோட்டைப் பார்த்த பிறகுதான். கட்டையைப் பிடிக்கும் கையையும் புனல்போல அகல வாய் வைத்து மாற்றினாள். கட்டை ஒரு செ.மீ. தள்ளி இருந்தாலும் தானே உள்ளே சரிந்து வந்துவிடும். புரோகிராமைவிட இந்த வாய்தான் அதிகம் காப்பாற்றியது என்றே தோன்றுகிறது.

அப்பா தன் பங்குக்கு ஒரு குறும்பு செய்தார். அவள் தூங்கும்போது மேஜை ஓரத்தில் மெல்லிய ரீப்பரைச் செருகிவிடுவார். மறுநாள் எடுத்துவிடுவார். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ற?"

"அங்க போனா யாரு சொல்லுவா?"

முதல் வாரம் பத்துக்கு நாலு. அழுகை, கோபம், ஒரு நாள் ரீப்பரை ஒளித்து வைத்தது எல்லாம் நடந்தது. பொங்கலுக்குள் பத்துக்கு எட்டு வந்துவிட்டது. வீட்டு மேஜையில் வந்த பழைய ஒன்பதைவிட இது குறைவுதான். ஆனாலும் அவள் இதைத்தான் நோட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த போட்டிக்கான பை தயார். பயிற்சி நேரத்தில் முதலில் மேஜையை அளப்பது என்று முடிவு. அதற்காக அப்பாவின் டேப்பும் பைக்குள் போயிருக்கிறது.

"தொலைச்சிடாதம்மா, திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு."